கழுத்துக்குக் கீழே வேறு யாரோ

எங்கள் தெரு முனையில் மாமா வைத்த பேனரில் தலை மட்டும்தான் என்னுடையது. பிளஸ் டூ படிக்கும்போது அடையாள அட்டைக்காக எடுத்த படம். எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னி, போட்டோக்காரர் சிரிக்காதே என்று சொன்னதால் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. வெள்ளைக் கோட்டு, தோளில் ஸ்டெத்தாஸ்கோப், மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள், மணிக்கட்டில் தங்க நிற வாட்ச். என்னைவிட நல்ல பூசின உடம்பு, நிறமும் கொஞ்சம் ஜாஸ்தி. பேனர் கடைகளில் இப்படித் தலையில்லாத டாக்டர்களும் வக்கீல்களும் போலீஸ்காரர்களும் கம்ப்யூட்டருக்குள் தயாராக நிற்பார்களாம். யார் தலையைக் கொடுத்தாலும் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். என் பக்கத்தில் என்னைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி மாமா. கீழே வட்ட வட்டமாக மாமாவின் நண்பர்கள். மேலே கொட்டை எழுத்தில், எங்கள் குடும்பத்தின் முதல் மருத்துவருக்கு வாழ்த்துகள்.

நான் சேர்ந்திருந்தது டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பில். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும் மெஷின் இருக்கிறதே, அதை இயக்குகிற வேலை. அதில் டிப்ளமா.

மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. சேர்க்கை அன்று என்னோடு வந்து, எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, மத்தியானம் வரை வெயிலில் நின்றவரே அவர்தான். என் அம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் காது குத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் தாய்மாமன் பேனர் இல்லாமல் நடந்ததில்லை. நான் காலேஜில் சேர்ந்ததற்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று போயிருக்கிறார். பொண்ணு இன்னா படிக்குது என்று கடைக்காரப் பையன் கேட்டானாம். ஆஸ்பத்திரி படிப்பு என்று இவர் சொல்ல, அப்ப ஸ்டெத் வெச்சிடலாமா என்று அவன் கேட்க, வெச்சிடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான். இதை மாமாவே எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதைக் கழற்றுங்கள் என்றும் சொல்லவில்லை.

டாக்டருக்கு ஆசைப்பட்டவள்தான் நான். இல்லை, ஆசைப்பட்டது அம்மா. இரண்டு முறை நீட் எழுதினேன். இரண்டாவது முறை எழுதுவதற்காக ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தேன். அந்த வருஷம்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்து எங்களோடு தங்கினார். அப்பாவின் அக்கா. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் தவறாமல் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு லீவு கிடைக்காது, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. வீட்டில் சும்மா இருப்பவள் நான்தான் என்பதால் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு நான் போவேன். அவர் கட்டிலில் நாலு மணி நேரம் படுத்திருக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

படித்தேனா என்றால் இல்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து, வடிகட்டி வழியாகச் சுற்றி, இன்னொரு குழாயில் உள்ளே போவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. திடீரென்று அத்தைக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த பெண் வந்து மெஷினில் எதையோ குறைப்பாள், காலைத் தூக்கி வைத்து அமுக்கிவிடுவாள், கொஞ்ச நேரத்தில் சரியாகும். எதைக் குறைச்சீங்க, ஏன் குறைச்சீங்க என்று நச்சரித்துக் கேட்பேன். நேரம் இருந்தால் சொல்வாள், இல்லாவிட்டால் அப்புறம் என்பாள். இந்த வேலை எனக்கு வரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நீட் புத்தகத்தைத் திறந்தபோது ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை.

இரண்டாவது ரிசல்ட்டும் வந்து, வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்த பிறகு நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அப்பா, "அவ இஷ்டம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். அம்மாவோ, "ஆயா வேலைக்கா போறே?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் மாமா சமாதானம் செய்து, காலேஜ் பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் பார்த்தது ஒரு தனியார் கல்லூரி. அதன் பெயர் வேண்டாம். வாசலில் நீரூற்று, வரவேற்பறையில் மீன் தொட்டி, ஏசி. ஒரு மேடம் எங்களை உட்கார வைத்து, காபி கொடுத்து, பட்டமளிப்பு விழா படங்களைக் காட்டினார். எல்லோரும் அங்கியும் தொப்பியுமாக இருந்தார்கள். அம்மாவுக்கு அந்த மீன் தொட்டியே போதுமானதாக இருந்தது. லேப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டிப் போனார்கள். பெரிய ஹால், நடுவில் ஒரே ஒரு டயாலிசிஸ் மெஷின், மேலே பிளாஸ்டிக் உறை. புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வரும் குழாயும் இல்லை, போகும் குழாயும் இல்லை. டயாலிசிஸுக்குத் தண்ணீர்தான் உயிர். அத்தை போகும் இடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கிற பிளான்ட் ஒரு நாள் நின்றுபோய், அத்தனை பேரும் வராண்டாவில் வாய் உலர்ந்து காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "இதை எப்படி ஓட்டுவீங்க மேடம்?" என்றேன். தியரி முடிந்ததும் ஓட்டுவோம் என்றார். "நோயாளிங்க?" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்து, "பொண்ணு ரொம்ப ஷார்ப்" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது இடம் அரசு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த படிப்பு. மீன் தொட்டி கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது. வகுப்பறைக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. ஆனால் அடுத்த கதவைத் திறந்தால் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், அதன் முன்னால் கையுறை போட்ட மாணவிகள். ஒருத்தி வெளியே தண்ணீர் குடிக்க வந்தாள். சேர்ந்து எத்தனை நாளில் மெஷினைத் தொட விடுவார்கள் என்று அவளைக் கேட்டேன். "தொட வுடறதா? ஆள் இல்ல, மொத வாரத்துலயே இழுத்து வுட்டுடுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அது போதும். அம்மா செருப்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாதான் என் பக்கம் நின்றார். அதனால்தான் அவர் வைத்த பேனரைப் பார்த்து எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஆக, எனக்குப் பொருத்தமான இடத்தை நான் சரியாகவே தேர்ந்தெடுத்துவிட்டேன். என் பாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

பேனர் வைத்த மறுநாளே தெரு எனக்கு வேறு பெயர் வைத்துவிட்டது. காலையில் பால் வாங்கப் போனால், "டாக்டரம்மா வராங்க, வழி வுடுங்க." இஸ்திரி போடுபவர், "டாக்டருக்கு மொதல்ல போட்டுக் குடுத்துடறேன்." வேங்கிக்காலில் எங்கள் தெரு புதுசாக வந்த தெரு. எல்லோரும் எங்கெங்கோ இருந்து வந்து மனை வாங்கி வீடு கட்டினவர்கள். யார் வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்பதுதான் இங்கே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும் வழி. நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்து வைப்பேன். அந்தச் சிரிப்பை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். கூசியது. இல்லாததை இருக்கிற மாதிரி தலையாட்டிவிட்டு வரும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது போலவே இருக்கும்.

பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்காக ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுவார்கள். அதில் ஒன்று எங்கள் பக்கம். அங்கே இறங்கின கூட்டம் மொத்தமும் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் ஊருக்குள் நடக்கும். மலையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களும் அதே வழி. மறுநாள் விடியற்காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பேனரைப் பார்த்துவிட்டு, முனைக் கடையில் விசாரித்து, டாக்டர் வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். "கிளினிக் எத்தினி மணிக்கும்மா தொறப்பீங்க?" என்று அவர் கேட்டார். கையில் கோலமாவோடு நான் விழித்தேன். அதற்குள் அம்மா உள்ளிருந்து வந்து, "இப்பதாங்க படிச்சிக்கினு இருக்கா, இன்னும் முடிக்கல" என்று சொல்லி, அவர்களை வாசல்படியில் உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூசியது. அம்மா பொய் சொல்லாமலே என்னை டாக்டராக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

என் கோட்டு விஷயத்திலும் அப்படித்தான். எங்களுக்கும் வகுப்பில் அரைக்கை வைத்த வெள்ளைக் கோட்டு உண்டு. எல்லோரும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவோம், அங்கே போய்ப் போட்டுக்கொள்வோம். வீட்டில் துணி காயப்போடுவது மொட்டை மாடியில். என் கோட்டு மட்டும் வீட்டு முன்பக்கக் கொடியில், இரண்டு கிளிப் போட்டு, தெருவைப் பார்த்தபடி தொங்கும். நான் எடுத்துக்கொண்டுபோய் மாடியில் போடுவேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் மறுபடி கீழே வந்திருக்கும். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேனரைப் பிறகு கழற்றிவிட்டார்கள். ஆனால் பேர் போகவில்லை. அம்மா கோயிலுக்குப் போனால் டாக்டரோட அம்மா. கல்யாண வீட்டில் முன்வரிசை. ஒரு பெண்மணி தன் மகனுக்கு என்னைக் கேட்டே வந்துவிட்டார். பையனும் டாக்டராம். அவர்கள் போன பிறகு அம்மா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பயந்துபோயிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை ஆரம்பித்தாள்.

"வெளிநாட்டுல போய்ப் படிச்சா டாக்டர் ஆவலாமாமே. இந்தப் படிப்ப வுட்டுடு. நெலத்த குடுத்துட்டுப் போவலாம்."

கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் பங்குக்கு வந்த நிலம். கடலை போடுகிற நல்ல நிலம், அத்தையின் குடும்பம் பார்த்துக்கொள்கிறது. அதை விற்றுவிட்டு என்னை எங்கோ பாஷை தெரியாத தேசத்துக்கு அனுப்ப வேண்டும். பொய் வெளிப்படுவதற்குள் அதை உண்மையாக்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. மாமா உடனே அப்படி அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டை விசாரித்துவிட்டு வந்தார். அப்பா, "அவ இஷ்டம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முடியாது என்று முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். எனக்கு அந்தப் படிப்பு வராது, இது வருகிறது, இதில் நான் நன்றாக இருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "நாலு பேரு மொகத்துல எப்டி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தி நிஜமாகவே எம்.பி.பி.எஸ். சேர்ந்து, பயிற்சிக்காக எங்கள் வார்டு பக்கம் வந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்துவிடக் கூடாதென்று மெஷினுக்குப் பின்னால் குனிந்து, இல்லாத ஒரு குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த நோயாளி, "இன்னாம்மா, எதுனா லீக்கா?" என்று பயந்து கேட்டார். அவரைப் பயமுறுத்தினேனே என்று அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை. இவ்வளவு வெட்கத்தோடு இந்த வேலையை எப்படிச் செய்வது என்று தோன்றிவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போய்ச் சாமி விளக்கு ஏற்றினாள். திங்கட்கிழமை காலை மாமாவும் அப்பாவும் கீழ்பென்னாத்தூர் போய் நிலத்துக்கு ஆள் பேசுவது, நான் காலேஜுக்குப் போய்ச் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்பது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் மாவுக்கார அக்கா வந்து நின்றார். எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவர். தெருவில் முக்கால்வாசி வீட்டு இட்லி அவர் கிரைண்டரிலிருந்துதான் வரும். கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், உடம்பு சரியில்லை என்று கொஞ்ச நாளாக வண்டி எடுக்கவில்லை. அக்காவின் கையில் கட்டைப் பை, அதற்குள் ஆஸ்பத்திரிக் கவர்கள்.

"வாங்க வாங்க, டாக்டரம்மா உள்ளதான் இருக்கா" என்றாள் அம்மா.

அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, கையில் சின்ன ஆபரேஷன் செய்து டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மாட்டேன் என்கிறார். ஒரு தடவை அதில் படுத்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். சாப்பாடு இறங்கவில்லை, கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கிறார். சொல்லச் சொல்ல அக்காவுக்குக் குரல் உடைந்தது.

"அழாதீங்க. அவ பாத்துட்டுச் சொல்லுவா" என்று அம்மா பையிலிருந்த கவர்களை எடுத்து என் மடியில் வைத்தாள். மாமா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, "ஆமா, நம்ம பொண்ணு சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

நான் கவரைத் திறக்கவில்லை. நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் இந்த அக்கா அதை நம்பிக்கொண்டு போவார், அங்கே ஒருவர் மூச்சு முட்டிக் கிடப்பார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அத்தை ஆரம்பத்தில் டயாலிசிஸுக்கு நாள் கடத்தி என்ன பாடுபட்டார் என்று பார்த்தவள் நான்.

"அக்கா, நான் டாக்டர் இல்லக்கா" என்றேன். "டாக்டருக்குப் படிக்கவும் இல்ல. அந்த மெஷின ஓட்றதுக்குத்தான் படிக்கறேன். டெக்னீஷியன். இத பாத்து நான் எதுவும் சொல்லக் கூடாது."

மாமா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. தெரு நடுவில் துணி அவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மாவுக்கார அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும்?" என்று அம்மாதான் கேட்டாள்.

"பாப்பா மெஷின் படிப்பு படிக்குதுன்னு தெரியும்க்கா. எங்க அண்ணன் மவ அந்த ஆஸ்பத்திரிலதான கூட்டறா? பேனர் வெச்ச அன்னைக்கே சொல்லிட்டா."

"தெருவுல வேற யாருக்குனா தெரியுமா?"

அக்கா பதில் சொல்லத் தயங்கினார். அந்தத் தயக்கமே போதும். பால்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீடு, பக்கத்து வீடு, எல்லோரும் என் கண்முன் வந்துபோனார்கள். "உங்களுக்கு அது சந்தோசமா இருக்குதே, நாம ஏன் கெடுக்கணும்னு எல்லாரும் அப்டியே கூப்ட்டுக்கினு இருந்தோம்" என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை. அம்மா மெல்ல எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டாச்சும்மா. செஞ்சே ஆவணும்னு அவரு சொல்லிட்டாரு. அதுக்கு மேல அவர கேக்க பயமா இருக்குது, அவருக்கும் நேரமில்ல. உன்கிட்ட வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நாலு மணி நேரம் அதுலயே படுத்திருக்கணுமாமே. உங்க ஆஸ்பத்திரில என்னை உள்ள வுட மாட்டாங்களாம். அத்தினி நேரம் எங்க வூட்டுக்காரர் பக்கத்துல யாரும்மா இருப்பாங்க?"

அதற்கு நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான்தான். அந்த இடத்தைத்தான் முந்தின நாள் சாயங்காலம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், இந்தத் தெருவுக்கு வெட்கப்பட்டு. இந்தத் தெருவிலிருந்தே ஒருவர் டாக்டரைத் தேடாமல் அந்த வேலை செய்கிறவளைத் தேடி வந்து என் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"நாங்க இருப்போம்க்கா" என்றேன் கடைசியில். "எங்கயும் போவ மாட்டோம். ஊசி குத்தறப்ப வலிக்கும், அத இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்பறம் வலி கம்மியாயிடும். கால் இழுத்துச்சுன்னா உடனே சொல்லச் சொல்லுங்க, பொறுத்துக்க வேணாம். மெஷின்ல கொஞ்சம் கொறச்சா சரியாய்டும். குளிரும், ஒரு போர்வ குடுத்தனுப்புங்க. எங்க அத்தை அதுலயே தூங்கிடுவாங்க. முடிஞ்சதும் எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவாங்க. எழுந்திருக்க முடியாதுன்னு சொன்னது பொய்க்கா."

அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிக்கலாமா, எந்தக் கையில் குத்துவார்கள், வேன் ஓட்ட முடியுமா. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை டாக்டரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். கணவரை ஒரு நாள் கூட்டி வாருங்கள், வாசலிலிருந்தே பார்க்கட்டும், மெஷினைக் காட்டுகிறேன் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், அம்மா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து நான் என்ன படிக்கிறேன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அக்கா கிளம்பும்போது என்னைப் பாப்பா என்றே கூப்பிட்டுவிட்டுப் போனார். மாமா இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப அக்கா, நாளைக்கு எந்த பஸ்ஸுக்குக் கெளம்பறது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சாப்பிட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"நீ எங்கயும் கெளம்ப வேணாம்" என்றாள். "அவதான் கெளம்பணும். காலைல அவளுக்கு காலேஜ் இருக்குது."